ஐந்து வட்டிக்கு மேல் புகை

எங்கள் பாய்லர்காரர்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. சென்ற மாதம் அதில் ஒருவர் தன் ஆலையின் புகைபோக்கியைப் படம் பிடித்துப் போட்டிருந்தார். "டியூபெல்லாம் சுத்தம் பண்ணியாச்சு, காத்தும் சரியாத்தான் விட்டிருக்கேன், ஆனாலும் இப்படிப் புகையுது, என்ன காரணம்?" என்று கேட்டிருந்தார். ஆளாளுக்குப் பதில் எழுதினார்கள். புகைவழியைத் திறந்து மூடும் டேம்பரைப் பார் என்றார் ஒருவர். கம்பியிடுக்கில் சாம்பல் அடைத்திருக்கும் என்றார் இன்னொருவர். நான் ஒரே வரி எழுதினேன்: "உங்கள் முதலாளி எத்தனை வட்டிக்குக் கடன் வாங்கியிருக்கிறார்?"

சிரிப்புப் பொம்மைகள் வரிசையாக வந்து விழுந்தன. ஒருவர் மட்டும், "அண்ணாச்சி, விளையாட்டுக்குச் சொல்லுதீங்களா, நெசமாவா?" என்று கேட்டார். நிஜமாகத்தான் சொன்னேன். ஆனால் கைபேசியில் விரலால் தட்டி அதை விளக்க எனக்குப் பொறுமை இல்லை. இப்போது வேலையும் இல்லை, நேரம் இருக்கிறது. அதனால் நோட்டில் எழுதுகிறேன்.

நான் பிறந்தது மணியாச்சியில். அப்பா ரயில்பாதைக் கூலி. ஏழாம் வகுப்பின் நடுவில் பள்ளிக்கூடத்தை விட்டு இறங்கி, ஒரு சரக்கு வண்டியில் ஏறிப் போனேன். ஓட்டலில் மாவாட்டினேன், லாரியில் கிளீனராக இருந்தேன், தூத்துக்குடியில் உப்பு சுமந்தேன். இருபத்தோரு வயதில் ஓர் அரிசி ஆலையில் நெல் அவிக்கும் பாய்லருக்கு விறகு தள்ளும் வேலை கிடைத்தது. சித்திரை வெயிலில் பாய்லர் முன்னால் நிற்க அவர்களுக்கு ஆள் கிடைக்கவில்லை, எனக்குப் படுக்க இடம் கிடைக்கவில்லை. அப்படித்தான் இந்தத் தொழிலுக்கு வந்தேன். பிறகு பரீட்சைக்குப் போய், கேட்ட கேள்விக்கு வாயால் பதில் சொல்லி, இரண்டாம் வகுப்பு சர்டிபிகேட் வாங்கினேன். அதன்பின் பதினொரு பாய்லர் பார்த்தேன். சண்டை போட்டு வெளியே வந்தது இரண்டு இடங்களில்தான். மற்ற இடங்களை விட்டது, அடுத்த ஊர் எப்படி இருக்கும் என்ற நினைப்பினால்.

இப்படி இடம் மாறியதில் பணம் சேரவில்லை. ஆனால் ஒன்றோடொன்றை ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தது. ஒரே ஆலையில் முப்பது வருடம் நின்றவனுக்கு அந்த ஆலையின் புகைதான் புகை. எனக்கு அப்படி இல்லை.

ஒன்பதாவதாக நான் சேர்ந்தது கோவில்பட்டிக்கு வெளியே, எப்போதும்வென்றான் என்ற ஊருக்குப் போகிற வழியில் கரிசல் காட்டுக்கு நடுவே இருந்த ஒரு சைசிங் மில். தறிக்குப் போகிற பாவு நூலுக்குக் கஞ்சி போட்டு, நீராவியில் சூடேறும் உருளைகளில் ஓட்டிக் காய வைப்பார்கள். அதுதான் சைசிங். சங்கரன்கோவில் பக்கத்துத் தறிகளுக்கு இங்கிருந்து பாவு போகும். ஒரு மெஷின், ஒரு விறகு பாய்லர், பதினெட்டு ஆட்கள்.

முதலாளி பரமசிவம் அண்ணாச்சி. அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. காலை ஏழு மணிக்கு வெள்ளைச் சட்டையோடு வருவார். யாரையும் பார்க்காமல் நேரே பாய்லருக்கு வந்து, அழுத்தம் காட்டும் கடிகாரத்தின் கண்ணாடியை மோதிர விரலால் இரண்டு தட்டு தட்டுவார். "எவ்வளவு?" என்பார். கண் முன்னால் முள் நிற்கிறது, அவருக்குப் படிக்கவும் தெரியும். ஆனாலும் நான் வாயால் சொல்ல வேண்டும். குறைவாக இருந்தால் திட்ட மாட்டார். "சரி" என்று சொல்லிவிட்டு அங்கேயே நிற்பார். முள் ஏறுகிற வரை நகர மாட்டார். திட்டு வாங்குவதே மேல் என்று தோன்றும்.

முள் சீக்கிரம் ஏறாததற்குக் காரணம் விறகு. நான் காலை ஐந்தரைக்கு வந்து, கண்ணாடிக் குழாயில் தண்ணீர் மட்டம் பார்த்து, அடியில் சேர்ந்த கசடை வெளியே தள்ளி, சேஃப்டி வால்வைத் தூக்கிப் பார்த்து, சிறு விறகால் தீ மூட்டுவேன். காய்ந்த விறகாக இருந்தால் ஒன்றரை மணி நேரத்தில் நீராவி கிடைத்துவிடும். அங்கே மூன்று மணி நேரம் ஆயிற்று. வந்ததெல்லாம் முந்தின நாள் வெட்டிய சீமைக் கருவேலம். கதவைத் திறந்து பார்த்தால் கட்டையின் முனையில் நுரை கட்டிக்கொண்டு தண்ணீர் கொதிக்கும். அந்தத் தண்ணீர் ஆவியாகிற வரை தீ எரியாது, வெள்ளைப் புகைதான் போகும். எட்டு மணிக்கு மெஷின் ஓட வேண்டும். ஆகவே பழைய டயர்த் துண்டு இரண்டைப் போடுவோம். சூடு எழும்பும். வெள்ளைப் புகை கறுப்பாகும்.

நான் சேர்ந்த முதல் வாரமே கேட்டேன். "அண்ணாச்சி, விறகை வாங்கி மூணு மாசம் அடுக்கிப் போட்டா என்ன? இடம் கிடக்குல்லா?"

"இடம் கிடக்கு" என்றார். கண்ணாடியைத் தட்டிவிட்டுப் போனார்.

இரண்டு மாதம் கழித்து ஒன்றைக் கவனித்தேன். வாரம் முழுவதும் புகை ஒரே மாதிரி இல்லை. திங்கட்கிழமைதான் மோசம். வெள்ளிக்கிழமை கொஞ்சம் தேவலை. ஏன் என்று எனக்கு விளங்கவில்லை. காற்றா, தண்ணீரா, ஞாயிறு விடுமுறையில் பாய்லர் குளிர்ந்து போவதாலா என்றெல்லாம் யோசித்தேன். ஒரு சனிக்கிழமை வாசல் பக்கம் நின்றபோது விளங்கியது. சனிக்கிழமை மதியம் பைக்கில் ஒருவர் வருவார். இறங்க மாட்டார். முதலாளியே வெளியே போய்ப் பேசிவிட்டு வருவார். வட்டிக்காரர். அவர் வந்து போனபின் கையில் இருக்கிற மிச்சத்துக்குத்தான் திங்கட்கிழமை விறகு. மிச்சம் குறைந்தால், அன்று காலை வெட்டின விறகு. அதுதான் விலை மலிவு.

எத்தனை வட்டி என்று கணக்குப்பிள்ளையிடம் கேட்டேன். "அஞ்சு. கை நெருக்கடின்னா ஆறு, ஏழுன்னு போகும்" என்றார். எங்கள் பக்கத்தில் ஐந்து வட்டி என்றால் நூறு ரூபாய்க்கு மாதம் ஐந்து ரூபாய். பாங்கில் கேட்டுப் பார்க்கவில்லையா என்றேன். "மனு கிடக்கு, மூணாவது வருசமா" என்றார்.

எனக்கு அரிசி ஆலை நினைவுக்கு வந்தது. அங்கே விறகுக் கொட்டகை கூரை முட்ட நிற்கும். புகையே தெரியாது. அந்த முதலாளிக்குச் சொந்தப் பணம், கடனே இல்லை. அதுவரை அவரை ஒழுக்கமான மனிதர், பரமசிவம் அண்ணாச்சியைக் கஞ்சர் என்றுதான் நினைத்திருந்தேன். இப்போது சந்தேகம் வந்தது. ஒழுக்கத்தில் வித்தியாசமா, வட்டியில் வித்தியாசமா?

பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். பத்துக் கிலோப் பச்சைக் கட்டை ஒன்றை எடுத்து, கயிறு கட்டிக் கூரை விளிம்பில் தொங்கவிட்டேன். கஞ்சி மாவு நிறுக்கிற தராசில் ஞாயிறுதோறும் நிறுத்துச் சுவரில் கரியால் எழுதினேன். மூன்று மாதத்தில் ஏழே கால் கிலோ. மிச்சமெல்லாம் தண்ணீர். லாரியில் தண்ணீரை எடை போட்டு வாங்கி, அதைக் கொதிக்க வைக்க விறகையும் செலவழித்திருக்கிறோம். பிறகு ஒரு நாள் பச்சை விறகில், ஒரு நாள் காய்ந்த விறகில் ஒரே அளவு பாவு ஓட்டி, செலவைக் குறித்தேன். நூறு ரூபாய்ப் பச்சை விறகு செய்கிற வேலையை, அதே விறகு காய்ந்தபின் எண்பத்தைந்து ரூபாய்க்குச் செய்துவிட்டது. ஆக, நூறு ரூபாய் விறகை மூன்று மாதம் காயப் போட்டால் பதினைந்து ரூபாய் மிச்சம்.

சரி, அந்த நூறு ரூபாயை ஐந்து வட்டிக்கு வாங்கிப் போட்டால்? மாதம் ஐந்து, மூன்று மாதத்துக்குப் பதினைந்து. மிச்சம் முழுவதும் வட்டிக்குப் போய்விட்டது. ஆறு வட்டி என்றால் நஷ்டம். ஒரு வட்டி என்றால் நல்ல லாபம். ஐந்து வட்டிதான் எல்லை. அதற்கு மேலே கடன் வாங்கினவர் பச்சை விறகு எரிப்பதுதான் அவருக்குச் சரியான கணக்கு. முதலாளி இதை என்னைப் போலக் கட்டை தொங்கவிட்டுக் கண்டுபிடிக்கவில்லை. அவர் கை அறிந்து வைத்திருந்தது.

சுவரைக் காட்டிச் சொன்னேன். மோதிர விரலால் அந்தக் கரிக் கோட்டைத் தட்டினார். "ஏலே சுடலை, நீ பாய்லர் பாக்க வந்தியா, பாங்கு வைக்க வந்தியா?" என்றார். அவர் சொல்லி நான் கேட்ட முதல் நகைச்சுவை.

மாசி மாதம் கோபால்சாமி வந்தார். மில்லுக்கு மேற்கே ரோட்டைத் தாண்டி அவருடைய காடு. வீட்டில் தெலுங்கு பேசுகிற குடும்பம், அந்த ஊரில் பல தலைமுறையாக விவசாயம். மானாவாரியில் மிளகாய் போட்டிருந்தார். வருடத்துக்கு அவர்கள் கையில் பணம் என்று வருவது அந்த வத்தலில்தான். கம்பும் உளுந்தும் வீட்டுச் சாப்பாட்டுக்கு. ஒரு கடகப் பெட்டி நிறைய வத்தலைக் கொண்டுவந்து பாய்லர் முன்னால் கொட்டினார்.

"கையில எடுத்துத் தேய்ச்சுப் பாரும்வே."

தேய்த்தேன். உள்ளங்கை கறுத்தது. பறித்த மிளகாய் களத்தில் விரித்த முதல் இரண்டு நாள் மேல்தோல் ஈரமாக இருக்கும். அப்போது விழுகிற கரி ஒட்டிக்கொள்ளும், உதறினாலும் போகாது. மாசி பங்குனியில் காற்று கிழக்கேயிருந்து வரும். எங்கள் புகை நேராக அவர் களத்துக்கு.

"யாவாரி கிலோவுக்கு முப்பது ரூவா கொறைக்கான். இன்னும் நாலு எடுப்பு பறிக்க இருக்கு. பொல்யூசன் ஆபீசுல மனுக் குடுக்கப் போறேன். முதலாளிட்ட சொல்லிரும்" என்றார்.

மனுக் கொடுத்தால் அநேகமாக மில்லை மூடச் சொல்வார்கள். பதினெட்டுப் பேருக்கு வேலை போகும். கொடுக்காவிட்டால் அவர் வருடம் போகும். அவரை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தேன். அவர் குடித்துவிட்டு, அடுக்கியிருந்த விறகைப் பார்த்தார். ஒரு கட்டையைப் புரட்டினார்.

"ஏமிவே இது... இது என் காட்டு வெறகுல்லா?"

அவருடைய விறகுதான். கிணற்றுக்குப் பக்கத்தில் தரிசாகக் கிடந்த நாலு ஏக்கரில் சீமைக் கருவேல் மண்டியிருந்தது. முந்தின வாரம்தான் அதில் ஒரு பகுதியை வெட்டி டிராக்டர்க்காரரிடம் விற்றிருந்தார். டிராக்டர்க்காரர் எங்களிடம் கொண்டுவந்து தள்ளிவிட்டார்.

"காய வச்சு விக்கக் கூடாதா?" என்றேன்.

"பறிப்புக்கூலி எவன் குடுப்பான், நீரா? அன்னைக்குப் பணம் வேணும், அன்னைக்கே வித்தேன்."

அவர் கட்டையைத் திரும்ப அடுக்கில் வைத்தார். அவருக்கு வந்த கோபம் யார் மேல் என்று தெரியாமல் நின்றுவிட்டது. மனுக் கொடுக்கவில்லை. அந்த வருடம் மிச்சமிருந்த நாலு எடுப்பையும் குறைந்த விலைக்கே விற்றார்.

எனக்கு அது மனதை விட்டுப் போகவில்லை. விறகு எங்கேயாவது மூன்று மாதம் காய வேண்டும். முதலாளியிடம் காய்ந்தால் ஐந்து வட்டி. வேறு யாரிடம் காய்ந்தால் குறைந்த வட்டி? கோபால்சாமியிடம் போய்க் கேட்டேன், வெளியில் எத்தனை வட்டிக்கு வாங்குகிறீர்கள் என்று. "வெளிய எதுக்கு? சொசைட்டியில வெள்ளாமைக்கு நகையை வச்சா வருசத்துக்குத்தான் வட்டி. மாசத்துக்கு நூத்துக்கு ஒரு ரூவாகூட வராது" என்றார். அவருக்கு அது சாதாரண விஷயம். எனக்குத்தான் உட்கார முடியவில்லை. கிழக்கே ஐந்து வட்டி, மேற்கே ஒரு ரூபாய்க்கும் கீழே. நடுவில் ஒரு தார் ரோடு. விறகு காயாமலே ரோட்டின் தப்பான பக்கத்துக்கு வந்துவிடுகிறது.

இரண்டு பேரையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மில்லில் உட்கார வைத்தேன்.

"ஆடியில வெட்டி, அவிய காட்டுலயே அடுக்கட்டும் அண்ணாச்சி. ஐப்பசியில நாம எடுப்போம். எடுக்கும்போது பணம் குடுத்தாப் போதும். வெட்டுக்கூலிக்கு அவிய நகையை வச்சிக்கிடுவாவ."

"காஞ்சா எடை கொறையும்லா? எனக்கு நட்டம்" என்றார் கோபால்சாமி.

"பச்சையில லோடு எண்ணிக்கிடுவோம். அதுக்குத்தான் வெலை. அது மேல நூத்துக்கு ஏழு ரூவா சேத்து."

"எதுக்குவே ஏழு?" என்றார் முதலாளி.

"உங்களுக்கு மிச்சம் பதினஞ்சு. அதுல பாதி."

"பாதி ஏழரைல்லா" என்றார் கோபால்சாமி உடனே.

"ஏழு" என்றார் முதலாளி.

அன்று மாலை கோபால்சாமியின் மனைவி ரெங்கம்மா என்னைக் களத்துப் பக்கம் கூப்பிட்டு நிறுத்தினார். "அண்ணே, என் சங்கிலிதான் போகப் போவுது. ஒன்னு மட்டும் சொல்லுங்க. மாசி பங்குனியில களத்துல கரி விழாதுல்லா?" என்றார். காய்ந்த விறகு இருக்கிற வரை விழாது என்றேன். "இருக்கிற வரைன்னா?" என்றார். பதினெட்டு லோடு, பார்த்துப் பார்த்து எரித்தால் ஒரு நாற்பது நாள் வரும் என்றேன். அவர் விரலால் எண்ணிப் பார்த்துவிட்டு உள்ளே போனார்.

ஆடியில் வெட்டினார்கள். அங்கேதான் ஒரு தவறு நடந்தது. ரோட்டோரம் சரள் மேடு ஒன்று இருந்தது. விறகை அதில் அடுக்கியிருக்க வேண்டும். கோபால்சாமி, திருட்டுப் போய்விடும் என்று, காட்டுக்குள்ளே மோட்டார் அறைக்குப் பக்கத்தில் கண் பார்வையில் அடுக்கினார். நானும் சரி என்றேன். கரிசலில் பிறந்தவர் அவர், கரிசல் ஓரத்தில் பிறந்தவன் நான். இரண்டு பேருக்கும் மழை ஞாபகத்துக்கு வரவில்லை. ஆடிக் காற்றில் நிலம் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தபோது, இதில் லாரி இறங்காது என்று யாருக்குத் தோன்றும்?

ஐப்பசி முதல் வாரமே மழை பிடித்துக்கொண்டது. விதைப்புக்கு நல்ல மழை. எல்லோருக்கும் சந்தோஷம். பத்து நாள் கழித்து லாரியோடு போனோம். முன்சக்கரம் வரப்பைத் தாண்டிய உடனே அச்சு வரை இறங்கிவிட்டது. இரண்டு டிராக்டர் கட்டி இழுத்தோம். தை மாதம் வரை இந்தப் பக்கம் வரமாட்டேன் என்று டிரைவர் சொல்லிவிட்டுப் போனார். விறகை எடுக்காமல் முதலாளி பணம் கொடுக்க மாட்டார். கொடுக்க அவரிடம் பணமும் இல்லை. மில்லில் மறுபடியும் பச்சை விறகும் டயரும்.

கார்த்திகையில், விறகை மூட்டம் போட்டுக் கரியாக்கி விற்கும் கரிமூட்டக்காரர் ஒருவர் விளாத்திகுளம் பக்கமிருந்து வந்தார். நானும் அன்று அங்கே இருந்தேன். சேற்றில் நடந்து, காலில் ஒட்டின கரிசலைக் குச்சியால் வழித்துக்கொண்டிருந்தேன். அவர் அடுக்கைச் சுற்றி வந்து, இரண்டு கட்டையை உருவி ஒன்றோடொன்று தட்டிப் பார்த்தார். மேலே நனைந்திருந்தாலும் உள்ளே நன்றாகக் காய்ந்திருந்தது. மணி மாதிரிச் சத்தம்.

"நீங்க லாரி வரணும், ரோடு காயணும்னு உக்காந்திருங்க. எனக்கு லாரி எதுக்கு? மழை விட்ட அன்னைக்கு இங்கனயே மூட்டம் போட்டு, கரியைச் சாக்குல கட்டித் தலைச் சுமையாக் கொண்டு போயிருவேன்" என்றார். மடியிலிருந்து பணத்தை எடுத்து மோட்டார் அறைத் திண்டில் வைத்தார். விலையும் எங்களுடையதைவிட மோசமில்லை.

கோபால்சாமிக்குக் களையெடுக்க இருபதாயிரம் வேண்டியிருந்தது. அந்த வாரமே வேண்டும். மழைக்கு மிளகாயைவிடக் களை வேகமாக வந்துகொண்டிருந்தது. அவர் பணத்தைத் தொடவில்லை. என்னைப் பார்த்தார்.

"நான் இதை வித்துட்டா, மாசியில உம்ம முதலாளி என்ன எரிப்பாரு?"

பொய் சொல்லலாம் என்று நினைத்தேன். "பச்சைதான். டயரும்" என்றேன்.

"விக்கலைன்னா?"

"தையில லாரி எறங்கும். மாசிக்குக் காஞ்ச வெறகு."

"களைக்கூலி?"

என்னிடம் இருபத்திரண்டாயிரம் இருந்தது. சூரத் பக்கம் ஒரு பெரிய ஆலையில் பாய்லர் வேலை இருக்கிறது என்று ஒரு பழைய கூட்டாளி சொல்லியிருந்தான். பொங்கல் முடிந்ததும் போவதாக இருந்தேன். வழிச்செலவுக்கும் அங்கே முதல் மாதம் சமாளிக்கவும் சேர்த்து வைத்த பணம் அது. இருபதாயிரம் தருகிறேன் என்றேன்.

"எத்தனை வட்டி?" என்றார்.

"சொசைட்டியில எவ்வளவோ அதே."

கரிமூட்டக்காரர் சிரித்தார். "நல்லா இருக்குவே உங்க யாவாரம். வட்டிக்காரன் பாய்லர் தள்ளுதான், பாய்லர்காரன் வட்டிக்கு விடுதான்" என்று சொல்லிக்கொண்டே பணத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, சேற்றில் காலைப் பிடுங்கிப் பிடுங்கிப் போனார்.

தையில் நிலம் இறுகியது. பதினெட்டு லோடும் மில்லுக்கு வந்து சேர்ந்தது. முதலாளி அதற்குத் தவணையாகக் கொடுத்த பணம் ரெங்கம்மாவின் சங்கிலியைத் திருப்பப் போயிற்று. விறகு இருக்கிற தைரியத்தில் முதலாளி பாங்குக்கு நடந்து, பழைய மனுவைத் தூசி தட்ட வைத்திருந்தார். அதனால் அதே வாரம் பாங்கிலிருந்து ஓர் அதிகாரி சரக்கைப் பார்வையிட வந்தார். கடன் கிடைத்தால் ஐந்து வட்டிக் கடனை அடைத்துவிடலாம். அந்த அதிகாரி நல்ல மனிதர், நடுத்தர வயது, எதையும் இரண்டு முறை எண்ணுவார். நூல், மாவு, எல்லாம் எண்ணினார். விறகில் நின்றுவிட்டார்.

"பில்லில் பதினெட்டு லோடு, ஐம்பத்து நாலு டன் என்று இருக்கிறது. எடை மேடைச் சீட்டில் நாற்பதுதான் வருகிறது. மீதி எங்கே?"

திருட்டுப் பட்டம் வரப்போகிறது என்று முதலாளியின் முகம் சுருங்கிவிட்டது.

"மீதி தண்ணி சார். போயிருச்சு" என்றேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வையில் நான் குடித்திருக்கிறேன் என்று நினைத்தது தெரிந்தது. பேசிப் பயனில்லை. பாய்லர்க் கதவைத் திறந்தேன். மூலையில் கிடந்த பச்சைக் கட்டை ஒன்று, காய்ந்த கட்டை ஒன்று, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். வெக்கைக்கு ஒதுங்காமல் அவரும் குனிந்து பார்த்தார். காய்ந்தது பற்றிக்கொண்டது. பச்சைக் கட்டையின் முனையில் தண்ணீர் நுரைத்துச் சொட்டியது. சட்டை நனைய நின்று முழுவதும் பார்த்தார்.

"அப்படியானால், விறகு நல்லதாக ஆக ஆக, எங்கள் கணக்கில் சரக்கு குறைந்துகொண்டே போகும்" என்றார்.

"ஆமா சார்."

"பச்சையாகவே வைத்திருந்தால் கணக்கு சரியாக இருக்கும்."

"ஆமா சார்."

"இதை நான் எந்தக் கட்டத்தில் எழுத?" என்று தனக்குள் கேட்டுக்கொண்டார். கடைசியில் ஓரத்தில் நெருக்கி நெருக்கி ஏதோ எழுதினார். என்ன எழுதினார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கடன் கிடைத்தது, ஆனால் சித்திரையில்தான்.

அதற்கு முன்னால் மாசி வந்துவிட்டது. விறகு நாற்பது நாளுக்கு, மிளகாய் எடுப்பு ஐம்பது நாளுக்கு. ஆகவே நானும் ரெங்கம்மாவும் ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். புதிதாகப் பறித்து விரிக்கிற அன்றும் மறுநாளும் களத்தில் ஈரம் இருக்கும். அந்த நாட்களில் காய்ந்த விறகு மட்டும். மற்ற நாட்களில் பச்சை. டயர் கிடையாது. காலை ஐந்து மணிக்கு ரெங்கம்மா போன் பண்ணுவார். "அண்ணே, இன்னைக்கு விரிக்கோம்" என்பார், அவ்வளவுதான். சில நாள், "இன்னைக்கு ஒன்னுமில்ல, எதையும் எரிச்சிக்கிடுங்க" என்பார். அதன்படி தீ மூட்டுவேன். பச்சை விறகு நாட்களில் டயர் இல்லாமல் நீராவி தாமதமாகத்தான் வந்தது. முதலாளி கண்ணாடியைத் தட்டிவிட்டு வெகு நேரம் நின்றார். நானும் நின்றேன்.

பங்குனிக் கடைசியில் வத்தல் விலையாகிற அன்று நானும் கோவில்பட்டிக்குப் போனேன். வியாபாரி கையை விட்டு அளைந்து பார்த்து, முழு விலையையும் போட்டார். குறைப்பதற்குக் காரணம் கிடைக்காத எரிச்சல் அவர் முகத்தில் தெரிந்தது. கோபால்சாமி வீட்டுக்குக்கூடப் போகாமல், பஸ் நிலையத்திலேயே இருபதாயிரத்தையும், நாலு மாத வட்டியையும் ரூபாய் பிசகாமல் எண்ணிக் கொடுத்தார். நான் சூரத்துக்குப் போகத் தடையில்லை.

சித்திரையில் பாங்குக் கடன் வந்தது. மாதத்துக்கு ஒரு வட்டிக்கும் குறைவு. சனிக்கிழமை பைக் வருவது நின்றது. இனி முதலாளியே விறகை வாங்கி அடுக்கிக் காய வைப்பார், புகை ஒழிந்தது என்று நினைத்தேன். என் கணக்கு அப்படித்தான் சொன்னது. முதலாளி என்னையும் கோபால்சாமியையும் ரெங்கம்மாவையும் வரச் சொன்னார்.

"வட்டி கொறைஞ்சிருக்கு. ரெண்டாவது மெஷின் போடலாம்னு இருக்கேன். இன்னொரு பாய்லர்" என்றார்.

இதை நான் யோசிக்கவே இல்லை. வட்டி அதிகமானால் ஒரு புகைபோக்கியில் கெட்ட புகை. வட்டி குறைந்தால் நல்ல புகை, ஆனால் இரண்டு புகைபோக்கி. எது அதிகம்? எனக்கு இன்றைக்கும் விடை தெரியாது. ஏழாம் வகுப்பு தாண்டியவர்கள் யாராவது கணக்குப் போட்டுச் சொன்னால் தெரிந்துகொள்வேன்.

கோபால்சாமி முகத்தில் கவலையைத் தேடினேன். அவர் வேறு கணக்கில் இருந்தார். "ரெண்டு பாய்லருன்னா முப்பத்தாறு லோடு வேணுமே அண்ணாச்சி? வடகாட்டையும் இந்த வருசம் வெதைக்காமப் போட்டா மரம் வந்துரும்" என்றார்.

ரெங்கம்மா அவரைத் திரும்பிப் பார்த்தார். "அப்போ வத்தலை எங்கன காயப்போட?"

ரெங்கம்மாவே தொடர்ந்தார்.

"எம்புட்டுக் காஞ்ச வெறகுன்னாலும் ரெண்டு பாய்லருக்கு நேரா நம்ம களம் இருக்க முடியாது. தெக்குக் கோடியில காத்துக்கு ஒதுங்கின எடம் இருக்கு. அது கரிசலு. சிமெண்டுக் களம் போட்டாத்தான் ஆகும்" என்றார். பிறகு முதலாளியைப் பார்த்து, "முதலாளி, குறைஞ்ச வட்டிக்குக் கடன் உங்களுக்குத்தானே வந்திருக்கு? களத்துக்கும் அதுலயே போட்டுருங்க. இல்லேன்னா வெறகு கெடையாது. அவிய குடுத்தாலும் நான் குடுக்க விடமாட்டேன்" என்றார்.

முதலாளி தட்டுவதற்கு எதிரே கண்ணாடி எதுவும் இல்லை. மேசையை இரண்டு தட்டு தட்டினார். அரை மணி நேரம் பேசினார்கள். நூற்றுக்கு ஏழு என்பது ஏழரை ஆயிற்று. களமும் உறுதியாயிற்று. வடகாட்டில் கம்பு போட வேண்டும் என்பதையும் ரெங்கம்மா அங்கேயே கோபால்சாமியிடம் சொல்ல வைத்தார். நான் சூரத்துப் பயணத்தை இரண்டாவது பாய்லர் பொருத்துகிற வரை தள்ளிப்போட்டேன்.

பாங்குக்குப் போன திட்ட மதிப்பீட்டில் மிளகாய்க் களத்துக்கு இடம் இல்லை. கணக்குப்பிள்ளை இரண்டு நாள் யோசித்து, 'பாய்லர் அடித்தளம் - இரண்டு' என்று எழுதிக் கொண்டுபோனார். ஆனியில் இரண்டு அடித்தளத்துக்கும் கான்கிரீட் போட்டோம். மறு வருடம் மாசியில் நான் ஊரை விட்டுக் கிளம்பிய அன்று ஒன்றில் பாய்லர் நின்றது. இன்னொன்றில் ரெங்கம்மா வத்தலைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தார்.